மலையில் கட்டிய வரப்பு

15-12-1969: கிரயப் பத்திரம், 7 ஏக்கர் 20 சென்ட். ரூ. 21,600.
15-12-1969: வெற்று முத்திரைத்தாள், ஐந்து. ரூ. 15.
9-5-1972: பெட்ரோல், 60 லிட்டர். ரூ. 84.
9-5-1972: கூடார வாடகை, எட்டு நாள். ரூ. 32.
11-5-1972: மண்வெட்டி ஒன்று. ரூ. 7.50.
13-5-1972: அபராதம். ரூ. 15.
16-6-1972: வக்கீல் கட்டணம். ரூ. 250.
12-2-1973: நெல், 130 மூட்டை. ரூ. 4,160.

இவற்றில் முதல் தொகை யார் கையிலிருந்தும் யார் கைக்கும் போகவில்லை. நடுவில் உள்ளவை அந்தப் போகாத தொகையைக் காப்பாற்றச் செலவானவை. கடைசித் தொகை மட்டும் வரவு. அது யாருக்கு வரவு என்பதற்கு அய்யாக்கண்ணுவின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அய்யாக்கண்ணு பிறந்தது 1936 ஆவணியில், மன்னார்குடிக்குத் தெற்கே ஒன்பது மைலில் இருக்கும் நெடும்படுகையில். தாய் தகப்பன் இருவரும் மிராசுதார் இராஜாங்கத்தின் பண்ணையாட்கள். ஏழு வயதில் மாடு மேய்த்தார், பதினைந்தில் வண்டி ஓட்டினார். 1958இல் இராஜாங்கம் கார் வாங்கினார். காருக்கு டிரைவர் வேண்டும், டிரைவருக்குத் தனிச் சம்பளம் வேண்டும் என்ற செய்தி கார் வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்கு எட்டியது. “மாட்டையே ஓட்டுறவன் இதை ஓட்ட மாட்டானா? இதுக்கு வாலை முறுக்கற வேலைகூட இல்லையே” என்று சொல்லி, அய்யாக்கண்ணுவை மன்னார்குடிக்கு அனுப்பி லைசென்ஸ் எடுக்க வைத்தார். லைசென்ஸில் கைநாட்டு உதவாது என்று அங்கே சொல்லிவிட்டதால் அய்யாக்கண்ணு ஒரு மாதம் உட்கார்ந்து தன் பெயரை எழுதப் பழகினார். அந்த ஒரு மாதத்தை நினைத்து இராஜாங்கம் பிற்பாடு வருந்தியது கொஞ்சமல்ல.

காரில் அய்யாக்கண்ணு முன்னால் உட்காருவார், மிராசுதார் பின்னால். கார் நின்றதும் அந்த ஒழுங்கு தலைகீழாகும். வீட்டு வாசலில் இரண்டாம் படிக்கு மேல் அய்யாக்கண்ணு ஏறியதில்லை. ஏறச் சொன்னவரும் இல்லை.

1967 வரை இராஜாங்கத்தின் கூடத்தில் ஒரு கட்சித் தலைவர்களின் படங்கள் தொங்கின. தேர்தல் முடிவு வந்த மூன்றாம் நாள் அவை இறங்கி வேறு கட்சித் தலைவர்களின் படங்கள் ஏறின. ஆணிகள் மட்டும் பழையவை. வேட்டிக்கும் கறுப்பு சிவப்புக் கரை வந்தது. ஆட்சியில் இருப்பவர்களோடு இவ்வளவு ஒற்றுமையாக இருந்தும், ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர்தான் என்று சட்டம் வரப்போகிற செய்தி அவர் காதுக்கு வந்தபோது, அவர் மிகவும் புண்பட்டுப் போனார். அவரிடம் இருந்தது நாற்பத்தொரு ஏக்கர்.

புண்ணுக்கு மருந்து உடனே போட்டார். மனைவி சௌந்தரநாயகி பெயரில் கொஞ்சம், மகன்கள் இருவர் பெயரிலும் கொஞ்சம், கும்பகோணத்து மைத்துனர் பெயரில் கொஞ்சம் என்று எழுதினார். அப்படியும் ஏழு ஏக்கர் இருபது சென்ட் மிஞ்சியது. வீட்டில் அதற்கு மேல் பெயர் உள்ளவை இரண்டுதான்: நாயும் டிரைவரும். நாய்க்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

மார்கழி பிறந்தால் நல்ல காரியம் ஆகாது என்பதால் அதற்கு முதல் நாளே பத்திரங்களைப் பதிந்தார்கள். தெற்கு வெளியில் இருந்த ஏழு ஏக்கர் இருபது சென்ட்டை அய்யாக்கண்ணு ரூ. 21,600 ரொக்கம் கொடுத்து வாங்கியதாக எழுதியிருந்தது. அன்று அவர் மடியில் இருந்தது பீடிக்கட்டு ஒன்று. பதிவு ஆபீசை விட்டு வெளியே வந்ததும் மிராசுதார் காரின் பானெட் மீது இன்னொரு முத்திரைத்தாளை விரித்தார். அது வெறுமையாக இருந்தது.

“கீழ போடுடா கையெழுத்து.”

“இதுல என்ன எழுதியிருக்குங்கய்யா?”

“ஒண்ணும் எழுதல. கண்ணு தெரியலையா?”

“அதாங்க கேட்டேன். ஒண்ணும் எழுதாததுக்கு எதுக்குங்க கையெழுத்து?”

“நீ ஒழுங்கா இருக்கற வரைக்கும் ஒண்ணும் எழுத மாட்டேன். அதுக்குத்தான்.”

ஒழுங்கு தவறினால், நிலத்தைத் திருப்பி விற்றுவிட்டதாக மேலே நிரப்பிக்கொள்ளலாம். அய்யாக்கண்ணு போட்டார். இதே மாதிரித் தாளில் மனைவி, மகன்கள், மைத்துனர் நால்வரிடமும் இராஜாங்கம் வாங்கியிருந்தார். ஐந்து தாள்களும் ஒரு தோல் பைக்குள் போயின. அந்தப் பை அவர் உறங்கும் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும். அவர் வெளியூர் போனால் அதுவும் போகும். வீட்டில் வைத்துவிட்டுப் போகும் அளவுக்கு அந்த நால்வரையும் அவர் நம்பவில்லை.

அய்யாக்கண்ணுவின் மனைவி எல்லையம்மாள் நடவு ஆள், விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர். கூலி உயர்வுக்காக இரண்டு தடவை மறியல் செய்து ஒரு தடவை போலீஸ் லாரியில் ஏற்றப்பட்டவர். பத்திரம் பதிந்த செய்தியைக் கேட்டதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

“பேரு ஒன்னுது. நடவு என்னுது. நெல்லு மட்டும் அவருதா?”

“கத்தாத. பேப்பர் அவருகிட்ட இருக்கு.”

“அப்ப அந்தப் பேப்பரு உசுரோட இருக்கற வரைக்கும் நீ அவருக்கு வாய்க்கா வெட்டு.”

இரண்டரை வருடம் அப்படித்தான் நடந்தது. கார் ஓட்டாத நாளில் அய்யாக்கண்ணு தெற்கு வெளியில் தன் பெயரில் இருந்த நிலத்துக்கு வாய்க்கால் வெட்டினார், கூலி இல்லாமல்.

1972 ஏப்ரலில் நில உச்சவரம்பு அதிகாரியிடமிருந்து விசாரணைக் கடிதம் வந்தது. ஜூன் 16ஆம் தேதி விற்றவரும் வாங்கியவரும் நேரில் வர வேண்டும். மன்னார்குடி வக்கீல் அமிர்தலிங்கம் கடிதத்தைப் படித்துவிட்டு, வாசலில் நின்ற அய்யாக்கண்ணுவை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“நிலம் இன்னும் உங்களுதுன்னு அதிகாரிக்குத் தோணிச்சுன்னா சர்க்கார் எடுத்துக்கும். இவன் தன்னுதுன்னு சொல்லணும். சொன்னா மட்டும் போதாது சார். இவன் நிக்கறதைப் பாருங்க, கையைக் கட்டிக்கிட்டு, முதுகை வளைச்சுக்கிட்டு. ஏழு ஏக்கர்க்காரன் இப்படியா நிப்பான்? ஒரு வாரம் தனியா வச்சுப் பழக்குங்க.”

பழக்குவதற்கு இடம்தான் கிடைக்கவில்லை. வீட்டு வேலையாட்களில் பாதிப் பேர் சங்கத்தில் இருந்தார்கள். கொடைக்கானலுக்குப் போகலாம் என்றால், அந்த மே மாதம் கொடைக்கானல் ஏரியைத் தஞ்சாவூர் மிராசுதார்கள் ஆளுக்கொரு டிரைவரோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்து, “சும்மா காத்து வாங்கத்தான்” என்றார்கள். கடைசியில் வக்கீலே வழி சொன்னார். ஏற்காட்டுக்கு அப்பால் எட்டு மைலில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு சுற்றுலாச் சங்கத்தார் கூடாரத் திடல் வைத்திருந்தார்கள். கார் திடல் வரைக்கும் போகும், ஆனால் ஆட்கள் அதிகம் வருவதில்லை.

மே 9ஆம் தேதி புறப்பட்டார்கள். சமையல்காரருக்கும் காது உண்டு என்பதால் அவரை அழைத்துப் போகவில்லை. அதனால் நடந்தது இது: பதினான்கு வருடமாக இரண்டாம் படி தாண்டாத அய்யாக்கண்ணு வடித்த சோற்றை இராஜாங்கம் எட்டு நாள் சாப்பிட்டார். மூன்றாம் நாள், “ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றார். மலையில் பார்ப்பதற்கு ஊரார் இல்லை.

திடல் அமைதியான இடம். சில்வர் ஓக் மரங்கள், மிளகுக் கொடி, விடிந்தும் விலகாத பனி. மேடும் பள்ளமுமான தரையில் நடந்து பழக்கம் இல்லாததால் மிராசுதார் எங்கே போனாலும் ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டே போனார். சரிவின் அடியில், காருக்குப் பக்கத்தில் தரை கொஞ்சம் தட்டையாக இருந்தது. “இங்கதான் சமமா இருக்கு, வயல் மாதிரி” என்று அங்கேயே கூடாரம் அடிக்கச் சொன்னார். திடலின் காவலர் மேட்டைக் காட்டி, “மேல அடிங்க, இது தண்ணி வர்ற பக்கம்” என்றார். தண்ணீர் வருகிற பக்கத்தில் இடம் பிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று டெல்டாவில் ஐம்பத்திரண்டு வருடம் வாழ்ந்தவரிடம் போய் அவர் அதைச் சொன்னார்.

இருபது கஜம் தள்ளி மேட்டில் இன்னொரு கூடாரம் இருந்தது. நாகூரில் நெல் அரவை மில் வைத்திருந்த அப்துல் மஜீதும் அவர் மனைவி மெஹராஜ் பேகமும் அதில் தங்கியிருந்தார்கள். பேகத்துக்கு நெஞ்சில் சளிக் கோளாறு. மலைக்காற்று நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை பழக்கம் தொடங்கியது. கொண்டுவந்தது ஒரு மடக்கு நாற்காலிதான். அதிகாரி முன் அய்யாக்கண்ணு உட்கார்ந்து பேச வேண்டும் என்பதால் நாற்காலி அவருக்கு. கேள்வி கேட்பவர் என்ற முறையில் மிராசுதார் நின்றார்.

“உட்காருடா.”

“பரவாயில்லீங்க, நிக்கிறேன்.”

“நீ உட்காரத்தான் நூத்தறுபது மைல் பெட்ரோல் போட்டு வந்திருக்கேன். உட்காரு!”

அய்யாக்கண்ணு நாற்காலியின் விளிம்பில் கோழி மாதிரி ஒட்டிக்கொண்டார். முதல் நாள் முழுவதும் அதிலேயே போயிற்று. இரண்டாம் நாள் முதுகு பின்னால் சாய்ந்தது. மூன்றாம் நாள் ஒரு கால் மடங்கி மற்றக் காலின் மேல் தானாக ஏறியது. மிராசுதார் அதைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. ஆனால் வக்கீல் சொன்னதும் அதுதானே என்று அடுத்த கேள்விக்குப் போனார்.

“தெற்கு வெளி ஏழு ஏக்கர் இருபது சென்ட் யாருது?”

“என்னுதுங்க.”

“‘ங்க’ வேண்டாம். யாருது?”

“என்னுது.”

“சத்தமா! உன் சொத்தைச் சொல்ல உனக்கு என்ன பயம்?”

“என்னுது!”

ஒரு நாளைக்கு நாற்பது தடவை. அமைதியான இடத்தில் குரல் நன்றாகக் கேட்கும். மேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த அப்துல் மஜீது எல்லாவற்றையும் கேட்டார். நாற்காலியில் ஒருவர் சாய்ந்திருக்கிறார், எதிரில் ஒருவர் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார், நிலம் உட்கார்ந்திருப்பவருடையது என்று இருவரும் மூன்று நாளாக ஒத்துக்கொள்கிறார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தண்ணீர் பிடிக்க வந்த அய்யாக்கண்ணுவை நிறுத்தி அவர் கேட்டார்.

“கேஸுங்களா, மிராசுதாரே?”

அய்யாக்கண்ணு திரும்பிப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை.

“ஆமாங்க பாய். அடுத்த மாசம் விசாரணை.”

“உங்க கணக்குப்பிள்ளை ரொம்ப அதட்டுறாரே? சம்பளம் குடுத்து இப்படி ஒரு வாயை வச்சிருக்கணுமா?”

“பழைய ஆளுங்க. விட மனசு வரல.”

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அய்யாக்கண்ணுவுக்கே விளங்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது சிரிப்பை அடக்கப் போய்ப் பாதித் தண்ணீர் சிந்திவிட்டது. “அரைக் குடந்தான் கொண்டுவருவியாடா?” என்றது கீழே நின்ற கணக்குப்பிள்ளை.

அதற்கு முதல் நாளே, மே 11 மாலை, மேற்கே கருத்திருந்தது. நாலு தூறல் விழுந்ததும் மிராசுதாருக்கு விவசாய மூளை வேலை செய்தது. ஏற்காட்டுக்குப் போய் மண்வெட்டி வாங்கி வரச் சொன்னார்.

“நாலு பக்கமும் வரப்பு எடு. ஒரு முழ உசரம். தண்ணி உள்ள வரக்கூடாது.”

“ஐயா, இது சரிவு. மேல ஒரு கால் பறிச்சு ஓரமாத் தண்ணியைத் திருப்பிவிட்டுட்டு, கீழ்ப்பக்கம் தொறந்து விட்டாப் போதும். நாலு பக்கமும் அடைச்சா, மேல வரப்பு ஒடைஞ்சுதுன்னா மத்த மூணும் தண்ணியைக் கட்டி நிறுத்திடும்.”

“நாப்பத்தோரு ஏக்கர் வச்சிருக்கறவன் நான். எனக்கு வரப்பு சொல்லிக் குடுக்கறியா?”

“அதுல ஏழு என்னுதுங்கய்யா” என்று அய்யாக்கண்ணு சொல்லியிருக்கலாம். பழக்கம் இன்னும் அவ்வளவு முற்றவில்லை.

சொன்னதைச் செய்தார். அதுவும் அரைகுறையாக அல்ல. பசை மண்ணாகப் பார்த்து வெட்டி, வேரைப் பிடுங்கி, காலால் மிதித்து, மண்வெட்டியின் முதுகால் அறைந்து பூசினார். மூலைகளில் கூடுதலாக ஒரு கூடை மண் வைத்தார். நடவுக்கு முன் அப்படி ஒரு வரப்பு எடுத்திருந்தால் ஐப்பசி வெள்ளத்திலும் ஒரு சொட்டு வெளியே போகாது. இராஜாங்கம் சுற்றிவந்து பார்த்துத் திருப்திப்பட்டார். வாழ்க்கையில் ஒரு வரப்பை அவர் நேரில் சுற்றி வந்தது அதுவே முதல் தடவை.

13ஆம் தேதி சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மழை வந்தது. மிராசுதார் சாப்பிட்டுவிட்டுக் கூடாரத்துக்குள் மடக்குக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். தோல் பை வழக்கம்போல் கட்டிலுக்கு அடியில். அய்யாக்கண்ணு காருக்குள் இருந்தார். சரிவின் தண்ணீர் முழுவதும் சேர்ந்து வந்து மேல் வரப்பில் மோதியது. அது கால் மணி நேரம் தாங்கியது, பிறகு கரைந்தது. மற்ற மூன்று வரப்பும் கரையவில்லை. மேலே மூன்று முழ அகலத்துக்கு வாய் திறந்திருக்க, அவை உள்ளே வந்த தண்ணீரை ஒரு முழ உயரத்துக்கு நிறுத்தி வைத்து, மிச்சத்தை விளிம்பில் வழியவிட்டன. குறுவை நாற்று இருந்திருந்தால் அன்றே நட்டிருக்கலாம்.

இராஜாங்கம் விழித்தது கையில் ஏதோ தட்டியதால். அது அவருடைய செருப்பு.

“அய்யாக்கண்ணூ! ஓடியா! பை! பை!”

அய்யாக்கண்ணு ஓடிவந்து கீழ் வரப்பை முதலில் வெட்டிவிட்டார். அது சுலபமாக வெட்டுப்படவில்லை. கட்டியவர் அப்படிக் கட்டியிருந்தார். தண்ணீர் வடிந்ததும் பை சேற்றில் கிடந்தது தெரிந்தது. மஜீது குடையோடு இறங்கி வந்து, “உங்க கணக்குப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே?” என்று அய்யாக்கண்ணுவிடம் விசாரித்தார். மிராசுதார் நடுக்கத்தில் இருந்ததால் அது காதில் விழவில்லை.

வெயில் வந்த பிறகு பையைத் திறந்து உள்ளே இருந்ததைக் காரின் பானெட் மீது பரப்பினார்கள். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி இட்லி மாவு மாதிரி ஆகியிருந்தது. பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தது. மையில் போட்ட கையெழுத்துகள் நீலத் திட்டாகப் பரவியிருந்தன. எது சௌந்தரநாயகி, எது மைத்துனர் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு துண்டில் ‘ணு’ என்று ஓர் எழுத்து நின்றது. அய்யாக்கண்ணு அதை விரலால் தொட்டார். அதுவும் விரலோடு வந்துவிட்டது. அதே பானெட் மீதுதான் இரண்டரை வருடத்துக்கு முன் அதைப் போட்டது.

“இதைப் பத்தி யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது” என்றார் மிராசுதார்.

“விட மாட்டேனுங்க.”

காவலர் வந்து வரப்பைப் பார்த்தார். திடலில் மண் வெட்டக் கூடாது என்ற பலகையைக் காட்டி ரூ. 15 அபராதம் எழுதி ரசீது கொடுத்தார். மிச்சம் மூன்று நாளும் காய்ந்த வேட்டியும் காயாத கட்டிலுமாகப் பழக்கம் தொடர்ந்தது. “யாருது?” என்பது முன்பைவிட மெலிந்திருந்தது. “என்னுது” மட்டும் மெலியவில்லை. புறப்படும்போது அப்துல் மஜீது மில்லின் விலாசம் அச்சடித்த அட்டையை அய்யாக்கண்ணுவின் கையில் கொடுத்தார். “அறுப்பு ஆனதும் ஒரு கார்டு போடுங்க மிராசுதாரே. லாரி அனுப்புறேன்.”

ஊர் திரும்பிய அன்றே மிராசுதார் புதுத் தாள் வாங்கக் கிளம்பினார். வக்கீல் அமிர்தலிங்கம் தடுத்தார்.

“இப்ப முத்திரைத்தாள் வாங்கினா, விக்கறவன் நோட்டுல தேதியோட பேர் ஏறும். விசாரணைக்கு முதல் மாசம் எதுக்கு வாங்கினேன்னு அதிகாரி கேட்டா என்ன சொல்வீங்க? விசாரணை முடியட்டும். இவன் எங்க போகப்போறான்?”

எல்லையம்மாளிடம் அய்யாக்கண்ணு மழையைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. “நெசமா? நீயே பாத்தியா?” என்று மூன்று தடவை கேட்டார். பிறகு, “அப்ப பேப்பரு செத்துப்போச்சு. இனிமே நீ உசுரோட இருக்கியான்னு பாப்போம்” என்றார்.

அதுதான் அய்யாக்கண்ணுவின் கவலையும். அந்த ஏழு ஏக்கரைத் தன்னுடையது என்று சொல்லிவிட்டு விட்டுக்கொடுத்தால் டிரைவர் வேலை மிஞ்சும். விட்டுக்கொடுக்காவிட்டால் வேலை போகும், மிராசுதாரின் ஆட்கள் வீடு தேடி வருவார்கள். குடியிருந்த மனையை அதற்கு முந்தின வருடம் வந்த சட்டம் அவருக்கே கொடுத்திருந்ததால் கூரை மட்டும் பத்திரம்.

ஜூன் 16. மேட்டூர் திறந்து நாலு நாள் ஆகியிருந்தது. அதிகாரி முப்பது வயதுக்கு உட்பட்டவர். மேசைக்கு எதிரே ஒரு நாற்காலிதான் இருந்தது. “உட்காருங்க” என்று அவர் பொதுவாகச் சொன்னார். அய்யாக்கண்ணு உட்கார்ந்தார். பழக்கம். மிராசுதார் நின்றார். அவருக்கும் பழக்கம்.

அதிகாரி பத்திரத்தைப் படித்தார். யாருது என்று கேட்கவில்லை. இராஜாங்கத்தைப் பார்த்துக் கேட்டார்.

“இருபது வருஷம் அனுபவிச்சு வித்திருக்கீங்க. தண்ணி எந்த மூலையில பாயும், எந்த மூலையில வடியும்?”

இதைப் பழகவில்லை. மிராசுதார் வக்கீலைப் பார்த்தார், வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார்.

“நாலு பக்கமும் நல்ல வரப்பு இருக்குங்க. தண்ணி எங்கயும் போகாது.”

பக்கத்து மேசைக் குமாஸ்தா இருமினார். அதிகாரி அய்யாக்கண்ணு பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க.”

“வடமேக்கு மூலையில மதகு. தென்கிழக்கு மூலை அரையடி பள்ளம். ஐப்பசி மழையில அந்த மூலையில ரெண்டு முழம் வரப்பை வெட்டிவிடணும். ஒரு நாள் தாமசிச்சாலும் அந்த இருபது சென்ட் அழுகிடும். நடுவுல கொஞ்சம் உப்பு பூக்கும், அதுக்கு எலைதழை போட்டு மிதிக்கணும்.”

“உழறது யாரு?”

“நான். நடுறது எம் பொஞ்சாதி.”

“அப்ப நிலம்?”

“என்னுது.”

அதிகாரி எழுதிக்கொண்டார். இராஜாங்கத்திடம், “நீங்க இதை ஒத்துக்கிறீங்களா?” என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினார். இராஜாங்கம் சந்தோஷமாகப் போட்டார். வெளியே வந்ததும் அய்யாக்கண்ணுவின் தோளில் தட்டினார். தொட்டது அதுவே முதல் தடவை. “அசத்திட்டடா! எட்டு நாள் சும்மா போகல!”

மறுநாள் காலை புதுத் தாளோடு வாசலில் நின்றார்.

“போடுடா.”

“எதுக்குங்க?”

“எதுக்கா? பழசு நனைஞ்சு போச்சுல்ல?”

“என் நெலத்து மேல ஒங்களுக்கு எதுக்குங்க பேப்பரு?”

மிராசுதாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரல் உடைந்தது. “டேய், அது மலையில நான் சொல்லிக் குடுத்ததுடா!”

“ஆமாங்கய்யா. நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க.” கார்ச் சாவியைப் பானெட் மீது வைத்துவிட்டு அய்யாக்கண்ணு நடந்தார். தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருடம் சம்பா. நடவன்று எட்டுப் பேர் கம்போடு வந்தார்கள். வரப்பில் எல்லையம்மாளும் சங்கத்துப் பெண்கள் நாற்பது பேரும் கொடியை நட்டுவிட்டு நாற்று முடிச்சோடு நின்றார்கள். “யாரு நெலத்துல யாருடா கால் வைக்கறது? அதிகாரி முன்னாடி ஒங்க ஐயா போட்ட கையெழுத்தை அவருகிட்டயே போய்க் கேளுங்கடா!” என்று எல்லையம்மாள் கத்தியது அடுத்த ஊருக்குக் கேட்டது. இராஜாங்கம் போலீஸுக்குப் போனார். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இராஜாங்கத்தால் பதில் சொல்ல முடியாது. தன்னுடையது என்று சொன்னால் அதிகாரி முன் சொன்னது பொய்ச் சாட்சி, மேலும் நிலம் சர்க்காருக்கு. இதற்குள் கும்பகோணத்து மைத்துனரும் பை நனைந்ததை எப்படியோ தெரிந்துகொண்டு, தீபாவளிக்கு வருவதை நிறுத்திவிட்டு, தன் பெயரில் இருந்த நிலத்துக்குத் தானே குத்தகைக்காரர் வைத்தார். கூடத்தில் சௌந்தரநாயகி அம்மாள் கணவரிடம், “என் பேர்ல இருக்கறதுக்கு எவ்வளவு நெல்லு வருது?” என்று கல்யாணமாகி முப்பது வருடத்தில் முதன்முதலாகக் கேட்டதாகச் சொன்னார்கள்.

1973 பிப்ரவரி 12ஆம் தேதி நாகூரிலிருந்து லாரி வந்தது. ஓட்டி வந்தவர் இறங்கி, “மிராசுதார் அய்யாக்கண்ணு வீடு எது?” என்று கேட்டது இராஜாங்கத்தின் வாசலில். நூற்று முப்பது மூட்டை ஏறியது.

அதன் பிறகு கடிதங்கள். இரண்டு வீட்டுக்கும் இடையே அரை பர்லாங்தான். ஆனாலும் இராஜாங்கம் தபாலில் அனுப்பினார். நிலம் என்ற சொல்லை மட்டும் எழுத்தில் போடக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். முதல் கடிதம்: “அய்யாக்கண்ணுவுக்கு. மலையில் நாம் இருந்தபோது உன் வசம் ஆன என்னுடைய பொருளைத் திருப்பித் தரவும்.” அய்யாக்கண்ணு பக்கத்து வீட்டுக்காரரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மண்வெட்டியைக் கழுவி அனுப்பிவைத்தார். இரண்டாவது: “அன்புள்ள அய்யாக்கண்ணு, நான் கேட்டது மண்வெட்டி இல்லை என்பது உனக்குத் தெரியும்.” அதற்குக் காரின் பின் டிக்கியில் கிடந்து பிறகு அவர் வீட்டுக்கு வந்துவிட்ட ஒற்றைச் செருப்பு போயிற்று. மூன்றாவது ‘உயர்திரு அய்யாக்கண்ணு அவர்களுக்கு’ என்று தொடங்கியது. பாதி விலைக்காவது பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றது. அதற்கு அய்யாக்கண்ணு ஒன்றும் அனுப்பவில்லை. அனுப்ப மலைப் பொருள் எதுவும் மிச்சமில்லை.

கடைசிக் கடிதம் அதிகாரியிடமிருந்து, ஒரே உத்தரவின் இரண்டு நகல், இருவருக்கும் ஒவ்வொன்று. இராஜாங்கத்தின் வேண்டுகோள் முழுமையாக ஏற்கப்பட்டது. தெற்கு வெளி 7 ஏக்கர் 20 சென்ட் அவருடைய நிலம் அல்ல என்ற அவருடைய வாக்குமூலம் உண்மையென்று உறுதிசெய்யப்படுகிறது. அனுபவமும் உரிமையும் அய்யாக்கண்ணுவுடையவை. கேட்டதெல்லாம் கிடைத்து வழக்கில் வென்றவர் என்று பார்த்தால் இராஜாங்கம்தான். அய்யாக்கண்ணு தன் நகலுக்குத் தபால்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடும் முன், அதில் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்துக் காட்டிய பிறகு போட்டார். தேதி: 11-3-1974, திங்கட்கிழமை.